ஒரே பைக்குக்கு இரண்டு சாவி

தன் பைக்கின் மேல் எவனோ ஒருவன் சாவகாசமாக உட்கார்ந்திருப்பதை, சுரங்கி கடைக்குள்ளிருந்தே பார்த்துவிட்டாள்.

ப்ளேன் டீ பாதிதான் குடித்திருந்தாள். கையில் கருப்பட்டித் துண்டு. இரண்டையும் டீக்கடை லீலா அக்காவின் மேசையில் வைத்துவிட்டு, மழைக்கோட்டைக்கூட எடுக்காமல் வாசலுக்கு வந்தாள். வெலிமடை மழை அது. கொட்டித் தொலைக்கவும் செய்யாது, விட்டுப் போகவும் செய்யாது... நூல் நூலாய் இறங்கிக்கொண்டே இருக்கும்.

"ஹலோ... இறங்குங்க."

அவன் திரும்பினான். முப்பது வயதிருக்கும். லீக்ஸ் தோட்டத்து மண் ஒட்டிய சட்டை. இமைகளில் மழைத்துளிகள் வரிசையாய்த் தொங்கின. ஒரு ஆம்பளைக்கு எதுக்கு இவ்வளவு நீள இமை... என்று நினைத்த மனசை சுரங்கி அங்கேயே ஒரு தட்டுத் தட்டி அடக்கினாள்.

"இது உங்க பைக்கா, நங்கி?"

"நான் உங்களுக்கு நங்கி இல்ல. இறங்குங்கன்னேன்."

"இல்ல... எனக்கு ஒரு சந்தேகம். அதான் உக்காந்து பாத்தேன்."

"அடுத்தவங்க வண்டியில உக்காந்துதான் சந்தேகம் தீர்ப்பீங்களோ?"

அவன் இடுப்பிலிருந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்தான். லொறிச் சாவி, வீட்டுச் சாவி, நடுவில் ஒரு சின்னப் பழைய சாவி. அதை அவள் பைக்கில் நுழைத்தான். திருப்பினான். ஒரே உதை.

பைக் ஸ்டார்ட் ஆனது!

சுரங்கிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அவன் சாவிக்கு ஸ்டார்ட் ஆனதற்காக அல்ல, ஒரே உதையில் ஆனதற்காக. அவளிடம் நாலு உதை வாங்காமல் ஒரு நாளும் எழுந்ததில்லை அந்தப் பைக்.

"இது என் பைக்," என்றான் அவன் மெதுவாக. "கொரியாவுக்கு வேலைக்குப் போறப்ப வீட்டுல விட்டுட்டுப் போனேன். வந்து பாத்தா இல்ல. மூணு வருஷமா ரோட்டுல போற ஒவ்வொரு நைன்டியையும் பாத்துக்கிட்டே இருக்கேன்."

அது தொண்ணூறு சிசி ஜப்பான் பைக். ஒரே சிலிண்டர், வட்ட ஹெட்லைட், டேங்கின் இடது பக்கம் ஒரு பள்ளம். சுரங்கியைவிட அதற்கு நாலு வயது கூடுதல். வண்டி இறக்குமதி நின்ற பிறகு இந்த மாதிரிக் கிழட்டு வண்டிகளுக்கு வந்திருக்கும் மவுசைக் கேட்டால் மயக்கம் வரும். அதை வாங்க அவள் பட்ட பாடு தனிக்கதை. "பொம்பளப் பிள்ளைக்கு ஸ்கூட்டர் போதாதா?" என்று அண்ணன் போனில் கத்தினான். "மலையேற ஸ்கூட்டர் போதாது" என்று இவள் திருப்பிக் கத்தினாள். விற்றவன் "இப்ப ராகு காலம், ஒரு மணி நேரம் கழிச்சு சாவி தரேன்" என்றான். "ராகுவையும் பின்னாடி ஏத்திக்கிறேன், குடுங்க" என்று வாங்கிக்கொண்டு வந்தவள் அவள்.

அவள் குடும்ப சுகாதார மருத்துவிச்சி. கடை இருக்கிற மெதகந்துரைக்கு மேலே ஐந்து ஊர்கள் அவள் பொறுப்பு. வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்க வேண்டும், பிள்ளை பெற்றவர்களைப் பார்க்க வேண்டும், பிள்ளைகளை நிறுக்க வேண்டும். அவளுக்கு முன்னால் வந்த மூன்று பேரும் மூன்று மாதத்தில் மாற்றல் எழுதிக்கொடுத்துவிட்டு ஓடினார்கள். சுரங்கி இங்கே வேலைக்கு வந்து இது ஏழாவது மாதம்.

"பணம் குடுத்து வாங்கியிருக்கேன். பேப்பர் இருக்கு," என்றாள்.

"ஓப்பன் பேப்பரா?"

அவள் முகம் சுருங்கியது.

எங்கள் பக்கத்தில் பழைய வண்டி வாங்கின எல்லாருக்கும் இந்த வார்த்தை தெரியும். பெயர் மாற்றும் படிவத்தில் பழைய சொந்தக்காரர் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிடுவார். வாங்குபவர் பெயர் எழுதும் இடம் காலியாகவே இருக்கும். அந்தக் காலி இடத்தோடு வண்டி ஐந்து கை மாறும். பதிவுப் புத்தகத்தில் மட்டும் முதல் ஆளின் பெயர் அசையாமல் உட்கார்ந்திருக்கும். தப்பு என்று தெரிந்தே எல்லாரும் செய்கிற தப்பு அது. சுரங்கியும் செய்தாள். பெயர் மாற்றப் போனபோதுதான், "ஓனர் நேர்ல வரணும், அடையாள அட்டையோட" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். புத்தகத்திலிருந்த விலாசத்துக்குக் கடிதம் போட்டாள். பதிலே இல்லை.

"ஆர்.எம். அசேல பண்டார... நீங்கதானா?"

"நானேதான்."

"என் லெட்டர் வரலையா?"

"அது பழைய வீட்டு விலாசம்."

அவள் பையிலிருந்து பொலித்தீன் உறையை எடுத்தாள். படிவத்தை நனையாமல் விரித்துக் காட்டினாள். "இது உங்க கையெழுத்துதானே? ஒரு நாள் ஆபீசுக்கு வந்து நில்லுங்க. அவ்வளவுதான் வேலை."

அசேல அதைப் பார்த்தான். கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தான். பிறகு மழையைப் பார்த்தான்.

"என் கையெழுத்து இல்ல," என்றான். "அப்பா போட்டிருப்பாரு."

"அப்ப போலீசுக்குப் போங்க!"

"பெத்த அப்பா மேல கேஸ் போடவா?"

"அப்ப கையெழுத்துப் போடுங்க!"

"என் பைக்க நான் எதுக்கு விக்கணும்?" பெட்ரோல் டேங்கைத் தடவினான். நாய்க்குட்டியின் தலையைத் தடவுகிற மாதிரி. பிறகு குனிந்து செயினை ஒரு விரலால் அழுத்தினான். "பாருங்க... செயின் தொங்குது. சோக்கை மூட மறந்துட்டு ஓட்டியிருக்கீங்க, புகை நாத்தமே சொல்லுது. இப்படி ஓட்டுனா இஞ்சின் ஆறு மாசம் தாங்காது, நங்கி."

"மறுபடியும் நங்கியா?"

"சரி, மிஸ். ஒண்ணு செய்வோம். நாலு சனிக்கிழமை. இதே கடை, இதே நேரம். வண்டியக் கொண்டுவந்து காட்டுங்க. நல்லா வெச்சிருந்தா வந்து கையெழுத்துப் போடுறேன்."

"எனக்குப் பரிட்சை வைக்கிறீங்களா?"

"பைக்குக்கு வைக்கிறேன்."

லீலா அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "டீ ஆறிப்போச்சு மிஸ்! சண்டையக் கொஞ்சம் உள்ள வந்து போடுங்க, எனக்கும் கேக்கட்டும்!"

போடா என்று சுரங்கி சொல்லிவிட்டுப் போயிருப்பாள். முடியவில்லை. மேலதிகாரியான பெரிய மிஸ் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். "இந்த மாசம் முடியறதுக்குள்ள வண்டிப் புத்தகத்துல உன் பேர் இருக்கணும். இல்லாட்டி டவுன் கிளினிக்குக்கு வந்துரு, மேல வேற ஆள் போடுறேன்." வேற ஆள் வருவாள், மூன்று மாதத்தில் ஓடுவாள். மேலே பதினோரு கர்ப்பிணிகள் இருந்தார்கள். ஒன்று பைக்கின் பெயர் மாற வேண்டும்... அல்லது அவள் மாற வேண்டும்.

இதை அவனிடம் சொன்னால் இப்போதே இரங்கிவிடுவான் என்று தெரிந்தது. அதனாலேயே சொல்லவில்லை. கெஞ்சி வாங்குகிற கையெழுத்து எனக்கு வேண்டாம், என்று மனசுக்குள் முறுக்கிக்கொண்டாள்.

"வரேன்," என்றாள். "நாலு சனிக்கிழமையும் வரேன், பண்டார மஹத்தயா."

அந்த மஹத்தயாவில்தான் விஷயம் இருந்தது. எங்கள் ஊரில் நங்கி என்றால் தங்கச்சி, அய்யா என்றால் அண்ணன். பஸ் கண்டக்டரும் அய்யா, மீன்காரரும் அய்யா. ஒரு பெண் தன் மனசுக்குப் பிடித்தவனைக் கூப்பிடுவதும் அதே அய்யாதான். சொல் ஒன்று, குரல்தான் வேறு. அந்தக் குரல் எது, இந்தக் குரல் எது என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுரங்கி ஊரில் எல்லாரையும் வாய் நிறைய அய்யா என்பாள். இவன் ஒருத்தனை மட்டும், ஏதோ பெரிய உத்தியோகஸ்தனிடம் மனுக் கொடுக்க வந்தவள்போல, மஹத்தயா என்றாள். அவனுக்கு அது சுருக்கென்று தைக்க வேண்டும் என்றே சொன்னாள். தைத்தது.

முதல் சனிக்கிழமை அவன் பிளக்கைக் கழற்றச் சொன்னான். அவளுக்குத் தெரியவில்லை. அவனே கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். கரியாய் இருந்தது.

"இதப் பாத்தா வண்டி உள்ளுக்குள்ள எப்படி இருக்குன்னு தெரிஞ்சிரும். கறுப்புன்னா பெட்ரோல் கூட. வெள்ளைன்னா சூடு கூட. காப்பிக் கலர்ல இருந்தா சந்தோசமா இருக்குன்னு அர்த்தம்."

"மனுசங்களுக்கும் இப்படி ஒண்ணு கழட்டிப் பாக்க வழி இருந்தா நல்லாருக்கும்," என்றாள் வெடுக்கென்று. "சில பேருக்கு உள்ள வெறும் கரிதான் இருக்கும்."

அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு கண்ணுக்கு முதலில் வந்து, உதட்டுக்குப் பிறகு வந்தது... சுரங்கி அவசரமாக பிளக்கைப் பார்த்தாள்.

அன்று வீட்டுக்குப் போனவள் சும்மா இருக்கவில்லை. பிளக் ஸ்பேனர் ஒன்று வாங்கினாள். கழற்றினாள், மாட்டினாள், கழற்றினாள். ஞாயிறு முழுக்கக் கார்புரேட்டரைப் பிரித்துத் தினசரித் தாளில் பரப்பி வைத்து, எந்தத் துண்டு எங்கே இருந்தது என்று போனில் படம் எடுத்து, மறுபடி பூட்டி, ஒரு திருகாணி மிஞ்ச, மறுபடி பிரித்தாள். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். திங்கள் காலை ஒரு கர்ப்பிணி கேட்டே விட்டாள். "மிஸ், கராஜ்லயும் வேலையா?"

இரண்டாம் சனிக்கிழமை செயின் சரியாக ஒரு அங்குலம்தான் அசைந்தது. என்ஜின் ஆயில் தேன் நிறத்தில் இருந்தது. அசேல குச்சியில் தொட்டுப் பார்த்துவிட்டு தலையை மட்டும் ஆட்டினான்.

"வாயத் தொறந்து நல்லாருக்குன்னு சொன்னா முத்து உதிர்ந்துருமோ?"

"டேப்பட் சத்தம் வருது."

"அது உங்க பல்லு கடிக்கிற சத்தம், மஹத்தயா."

லீலா அக்கா தட்டில் ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து வைத்தாள். அவன் உள்ளே கை கழுவப் போனபோது சுரங்கியின் காதருகே குனிந்தாள். "ஏம்மா... இவன் லீக்ஸ் ஏத்துறது பதினோரு மணிக்கு. ஒம்பதுக்கே வந்து ஒன் ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறான். பைக்க மட்டும் பாக்குற கண்ணா அது?"

"போங்க அக்கா!" என்றாள். ரொட்டியைச் சம்பலே இல்லாமல் கடித்தாள்.

மூன்றாம் சனிக்கிழமை பிளக் காப்பிக் கலரில் இருந்தது. ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. அவன் அவளைப் பார்த்த பார்வையில் பரிட்சை எதுவும் இல்லை. அவளும் பார்த்தாள்... இரண்டு பேரும் பைக் ஓடிக்கொண்டிருப்பதையே மறந்து நின்றார்கள். கடைசியில் லீலா அக்காதான் வந்து சாவியைத் திருப்பி அணைத்தாள். "பெட்ரோல் விக்கிற விலைக்கு," என்றாள்.

நான்காம் சனிக்கிழமை சுரங்கி படிவத்தையும் பேனாவையும் கையிலேயே கொண்டு வந்தாள். மாதம் முடிய ஐந்தே நாள்.

அவன் பைக்கை மூன்று சுற்றுச் சுற்றினான். குறை தேடுகிறான் என்று பார்த்தாலே தெரிந்தது.

"பின் டயர் தேஞ்சிருக்கு," என்றான் கடைசியில். "மாத்திட்டு அடுத்த சனிக்கிழமை..."

"நாலு சனிக்கிழமைன்னு சொன்னது யாரு?"

"டயர் முக்கியம் இல்லையா?"

சுரங்கி வாயைத் திறக்கப் போனாள். அப்போதுதான் போன் அடித்தது. மேலே கல்லென என்ற ஊரிலிருந்து கர்ப்பிணி குசுமின் புருஷன். வலி வந்துவிட்டது, நாள் இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, ஆம்புலன்ஸ் பாலத்தைத் தாண்டி மேலே ஏறாது. அவன் குரல் நடுங்கியது. சுரங்கியின் குரல் நடுங்கவில்லை. "படுக்க வைங்க. இடது பக்கம் சாஞ்சு. நாற்காலி ஒண்ணும் நாலு ஆளும் ரெடியா வைங்க. வரேன்."

"ஓடைப் பக்கம் மண் சரிஞ்சிருக்கு," என்றான் அசேல. "குறுக்கு வழி எனக்குத் தெரியும். லொறி போகாது. சாவியக் குடுங்க."

"சாவி எங்கிட்டதான் இருக்கும். வேணும்னா பின்னாடி ஏறுங்க."

ஏறினான். மெதகந்துரைச் சந்தியே திரும்பிப் பார்த்தது. பெண் ஓட்ட, வளர்ந்த ஆண்பிள்ளை பின்னால் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து போவதைப் பார்த்து யாரோ விசிலடித்தார்கள். சுரங்கி ஹார்னை நீளமாக அடித்துவிட்டு கியரை மாற்றினாள்.

மழை வலுத்தது. ஓடையில் தண்ணீர் சக்கரத்தின் பாதிவரை வந்தது. நடுவில் ஒரு குழி... தண்ணீர் பீறிட்டு என்ஜின் மேல் அடித்தது. பைக் இருமிவிட்டு நின்றுபோனது.

"இறங்குங்க, நான் பாக்குறேன்," என்று அவன் குதித்தான்.

"தொடாதீங்க."

அவள் குரலில் அவன் கை அப்படியே நின்றது. கரைக்குத் தள்ளினாள். சீட்டைத் தூக்கி ஸ்பேனரை எடுத்தாள். பிளக்கைக் கழற்றி, தன் உள்சட்டை ஓரத்தில் துடைத்து, ஊதி, மாட்டினாள். பிறகு மருந்துப் பெட்டியிலிருந்து ஒரு ரப்பர் கையுறையை எடுத்து, கட்டைவிரல் பாகத்தைக் கத்தரித்து, அதன் நுனியில் வயர் போக ஓட்டை போட்டு, பிளக் மூடியின் மேல் இறுக்கமாக மாட்டிவிட்டாள்.

"இனிமே தண்ணி போகாது," என்றாள், யாருக்கோ சொல்வதுபோல. "கையுறை பத்தி எனக்கு நல்லாவே தெரியும், மஹத்தயா."

ஒரே உதை.

அசேல அவளையே பார்த்தபடி நின்றான். நெற்றியில் கிரீஸ் கோடு. கன்னத்தில் மழை. கண்ணில் மட்டும் ஒரு பிடிவாதம், எந்த மழைக்கும் அணையாத பிடிவாதம். கெட்டேன், என்று அவன் மனசு சொன்னது. இனி பைக் கிடைத்து என்ன, கிடைக்காவிட்டால் என்ன...

குசுமை நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேர் தூக்கி, சுரங்கி கூடவே நடந்து, பேசிப் பேசி மூச்சு விடவைத்து, பாலத்தடிக்குக் கொண்டுவந்து ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அசேல நாற்காலியின் ஒரு காலைத் தோளில் தாங்கியிருந்தான். தோள் கன்றிப்போனது. ஆம்புலன்ஸ் கதவு மூடும் நேரம் சுரங்கி தன் பதிவேட்டை நீட்டினாள்.

"இத்தனை மணிக்கு ஏத்தி விட்டோம்னு ஒரு சாட்சி கையெழுத்து வேணும். அவசரம், போடுங்க."

அவனும் அவசரத்தில் போட்டுவிட்டான்.

ஆம்புலன்ஸ் போன பிறகு சுரங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். அசேல என்ற பெயரின் கடைசி எழுத்து நீண்டு, கீழே இறங்கி, முழுப் பெயரையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு முதலெழுத்தின் காலடியில் வந்து சுருண்டிருந்தது. இந்தச் சுருளை அவள் மாதக் கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இது மாதிரி ஒரு அப்பனால் போட முடியாது. இதை ஒரு கைதான் போடும்.

அவள் பொலித்தீன் உறையை எடுத்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தாள். அசேல பார்த்தான். முகம் வெளுத்தது.

"மிஸ்... நான் சொல்றேன்..."

"நீங்க போட்ட கையெழுத்து."

"ஆமா. ஆனா..."

"நாலு சனிக்கிழமை, பண்டார மஹத்தயா. நாலு! பிளக்கு, செயினு, டயரு... என்னைய வெச்சு வேடிக்கை பாத்தீங்களா?"

"வேடிக்கை இல்ல. மொத நாள் கோவத்துல சொன்னேன். அப்புறம்... கையெழுத்துப் போட்டுட்டா நீங்க வர மாட்டீங்களேன்னு..."

அந்த வார்த்தையின் பாதிதான் அவள் காதில் விழுந்தது. மீதி பைக் சத்தத்தில் போயிற்று. ஸ்டார்ட் செய்துவிட்டாள். அவன் பின்னால் ஏறக் காலைத் தூக்கினான்.

"நடந்து வாங்க," என்றாள்.

ஆறு கிலோமீட்டர். கொட்டும் மழை. அவன் நடந்தே வந்தான்.

மறுநாள் காலை அவன் வீட்டு முற்றத்தில் பைக் வந்து நின்றது. அம்மா லீக்ஸ் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். சுரங்கி சாவியை அந்த லீக்ஸ் கட்டின் மேல் வைத்தாள்.

"உங்க மகனோட வண்டி, அம்மா. கையெழுத்து அப்பா போட்டதுன்னு சொல்லி நாலு சனிக்கிழமை எனக்குப் பரிட்சை வெச்சாரு. அவர் பேரு, அவர் கையெழுத்து, அவரே வெச்சுக்கட்டும். காசும் வேணாம்னு சொல்லுங்க."

"ஏம் பிள்ள, மேல எப்படிப் போவ?"

"கால் இருக்கு. இன்னும் நாலு நாள்ல என்னைய டவுனுக்கு மாத்துவாங்களாம், வண்டி என் பேர்ல இல்லைன்னு. மாத்தட்டும். அந்த நாலு நாளும் நடந்தே போய் வேலை செய்வேன். அப்புறமும் போக மாட்டேன்னு எழுதிக் குடுப்பேன்."

ஜன்னலுக்குப் பின்னால் அசேல நின்றிருந்தான். டவுன்... மாற்றல்... ஒரு வார்த்தை சொல்லவில்லையே இவள்! ஓடி வெளியே வருவதற்குள் அவள் வேலியைத் தாண்டிவிட்டாள். அம்மா அவன் முன்னால் எழுந்து நின்றார்.

"அந்தப் பேப்பர்ல அப்பா கையெழுத்துப் போட்டாருன்னா சொன்ன? ஏர்போட் போற காலையில, தேவப்பட்டா வித்துக்கங்கன்னு வேன் மேல வெச்சு நீ போட்டது எனக்குத் தெரியாதா? ரெண்டு வருசம் ஞாயித்துக்கெழம தவறாம அந்த மனுசன் அதத் தொடச்சு ஸ்டார்ட் பண்ணி வெச்சாரு. கண்ணு மங்கிப்போய் உதைக்க முடியாம விழுந்த அன்னைக்குத்தான் வித்தாரு. அப்பன் மேல பழி, அந்தப் பிள்ள மேல பரிட்சை... ஒனக்கு வெக்கமா இல்ல?"

வெட்கமாக இருந்தது. உள்ளே கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்த அப்பாவின் காலடியில் போய் உட்கார்ந்தான். "கையெழுத்து நான்தான்ப்பா போட்டேன்," என்றான். அப்பா, "தெரியும்டா. செயினுக்கு எண்ணெய் போட்டாளா அந்தப் பொண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

திங்களும் செவ்வாயும் சுரங்கி நடந்தாள். குதிகாலில் கொப்புளம். ஒரு முறை லீக்ஸ் லொறி பக்கத்தில் வந்து மெதுவாகியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. லொறி ரொம்ப தூரம் அவள் நடைக்கே கூட வந்துவிட்டு, போய்விட்டது. மடையன், என்று திட்டினாள். பிறகு, நாலு சனிக்கிழமையும் ஒன்பது மணிக்கே வந்து நின்ற மடையன்... என்று நினைத்தாள். கையெழுத்துப் போட்டுட்டா வர மாட்டீங்களேன்னு... காதில் விழாததுபோல் வந்துவிட்ட அந்தப் பாதி வாக்கியம், இப்போது நடக்க நடக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. அழுகை வந்தது. கொப்புளத்தால் வருகிறது என்று தனக்கே பொய் சொல்லிக்கொண்டாள்.

புதன்கிழமை கிளினிக் நாள். மெதகந்துரைப் பொது மண்டபத்தில் பெஞ்சு நிறைய வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெண்கள். முன் வரிசையில் குசுமின் மாமியார், பிறந்த பேரனின் சேதியோடு பால்சோறு கொண்டு வந்திருந்தார். வெளியே பைக் சத்தம். சுரங்கி ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். கருவியின் பம்பை அளவுக்கு மேல் அமுக்கிவிட்டாள்.

"அய்யோ மிஸ், கை!" என்றாள் அந்தப் பெண்.

அசேல வாசலில் நின்றான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. முழங்கால் வரை சேறு.

"கிளினிக் பொம்பளைங்களுக்கு," என்றாள் சுரங்கி.

"தெரியும். அஞ்சு நிமிசம்." தொண்டையைச் செருமினான். அத்தனை பெண்களும் திரும்பினார்கள். "கையெழுத்து என்னோடதுதான். பொய் சொன்னேன். எல்லார் முன்னாடியும் சொல்றேன். ஆபீசுக்குப் போயி, நேர்ல நின்னு, புதுப் படிவத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். காலி இடம் இல்லாம. உங்க முழுப் பேரையும் நானே எழுதியிருக்கேன், லீலா அக்காகிட்ட கேட்டு. உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நாளைக்குப் புத்தகத்துல பேர் ஏறிரும். பெரிய மிஸ்கிட்டயும் சொல்லிட்டுத்தான் வரேன்." மேசை மேல் படிவத்தை வைத்தான். அதன் மேல் இரண்டு சாவிகளையும் வைத்தான். "உங்க சாவி. என் சாவி. ரெண்டும் உங்களுக்குத்தான்."

முன் வரிசையில் குசுமின் மாமியார் பால்சோற்றைப் பெஞ்சின் மேல் வைத்தார்.

"அவ்வளவுதானா?" என்றாள் சுரங்கி. ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைச் சுருட்டினாள்.

"இல்ல... அந்தப் பைக்க மூணு வருசம் தேடுனேன். கெடச்ச அன்னைக்கே அதவிடப் பெரிசா ஒண்ணு கெடச்சிருச்சு. அதத் தொலைக்கக் கூடாதுன்னு பொய் சொன்னேன், அதாலேயே தொலைச்சுட்டேன். எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு, மிஸ். இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

யாரோ ஒரு பெண், "எட்டு மாசம் எனக்கு, இப்படியெல்லாம் பண்ணாதீங்கப்பா," என்று கண்ணைத் துடைத்தாள்.

சுரங்கி எழுந்தாள். அவனைத் தாண்டி வெளியே போனாள். பைக்கின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, செயினின் நடுவில் ஒரு விரலால் அழுத்தினாள். பின் டயர் புதுசாக இருந்தது. ஸ்பேனரை எடுத்து பிளக்கைக் கழற்றினாள். கையுறையின் கட்டைவிரல் இன்னும் மூடியிலேயே இருந்தது. அவன் கழற்றவில்லை. பெஞ்சிலிருந்த பெண்கள் எல்லாரும் வாசலில் வந்து குவிந்தார்கள்.

"என்ன கலர்?" என்றான் அவன், பின்னாலிருந்து. பயந்த குரல்.

"காப்பி," என்றாள்.

"அப்ப பாஸா?"

"பைக் பாஸ். நீங்க இன்னும் இல்ல. இனிமே என்கிட்ட ஒரு பொய் சொன்னீங்கன்னா, ஆறு கிலோமீட்டர் இல்ல, வெலிமடைவரைக்கும் நடக்க வைப்பேன். என் வேலைய விடச் சொல்லக் கூடாது. இந்த அஞ்சு ஊரையும் நான் விட மாட்டேன். பிளக்க நான்தான் கழட்டுவேன். புரியுதா?"

"புரியுது."

அவள் பிளக்கை மாட்டினாள். கையைத் துடைத்தாள். உள்ளே போய்ப் படிவத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள், நீளமாக, அழுத்தி, அவன் கையெழுத்தின் வாலை இடிக்கிற மாதிரி. ஒரு சாவியை எடுத்துத் தன் இடுப்பில் செருகினாள். மற்றதை அவன் வெள்ளைச் சட்டைப் பைக்குள் போட்டாள். கிரீஸ் விரல் அங்கே ஒரு கறுப்பு அடையாளம் வைத்தது.

"கிளினிக் முடிய ரெண்டு மணி ஆகும். அதுவரைக்கும் பிள்ளைகள நிறுக்கத் தூக்கிக் குடுங்க. அப்புறம் ரெண்டு பேருமாப் போய் பெரிய மிஸ்கிட்ட இதக் காட்டுவோம்."

"நான் ஓட்டட்டுமா? உங்க காலுல கொப்புளம்..."

சுரங்கி நின்றாள். மழை நூல்கள் அவள் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தன. அத்தனை பெண்கள் பார்க்க, அத்தனை காதுகள் கேட்க, ஒரு மாதமாய்ப் பூட்டி வைத்திருந்த அந்த ஒரு சொல்லை, எங்கள் ஊர்ப் பெண்கள் ஒருத்தனுக்கு மட்டும் வைத்திருக்கும் அந்தக் குரலில், தலை நிமிர்ந்து சொன்னாள்.

"வண்டி என் பேர்ல இருக்கு. நான்தான் ஓட்டுவேன். நீங்க பின்னாடி ஏறுங்க... அய்யா."